சாட்சிக் கையெழுத்துப் போட ஓர் ஆள்: மதுரை மாநகராட்சி மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் நூறு பேருக்கும், ஆணையாளர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவன். சிம்மக்கல், யானைக்கல், நெல்பேட்டை, வடக்கு மாசி வீதி, அவற்றின் சந்துகள் என்று வைகையின் தென்கரையை ஒட்டிய பகுதிகளே பெரும்பாலும் என் பீட்டாக, அதாவது நான் பட்டுவாடா செய்யும் பகுதியாக இருந்தன. கதவு எண்ணையும் வாசலையும் வைத்து மனிதர்களை அடையாளம் காண்பது எங்கள் தொழில். என்றாலும், கதவும் வாசலும் இல்லாத பலருக்கும் நான் மாதந்தோறும் பணம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சாலையோரத்தில் வாழ்கிறவர்கள் அந்த வாழ்விலிருந்து வெளியேறி, மற்றவர்களைப் போல ஓர் அறையிலும் ஒரு வேலையிலும் நிலைகொள்வதற்கு மாநகராட்சி என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குப் பட்டதைத் தங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எப்போதும் பூட்டியே கிடந்த ஒரு கடையின் திண்ணையில் ஒரு மூதாட்டி இருந்தார். 2000-ஆம் ஆண்டுக்குச் சற்று முன்பு தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவரை அங்கே பார்த்திருக்கிறேன். மொத்த வியாபாரக் கடைகளின் வாசலில் சிந்திக் கிடக்கும் மிளகாய் வற்றலையும் மல்லியையும் கூட்டி அள்ளிப் புடைத்துச் சுத்தம் செய்து, சிறு சிறு கூறாக விற்பது அவர் பிழைப்பு. முதியோர் உதவித்தொகை அவருக்கு மணியார்டராக வரும். படிவத்தில் அவர் பெயருக்குக் கீழே ஒரு டீக்கடையின் பெயரும், 'எதிர்த் திண்ணை' என்ற சொற்களும்தான் முகவரி. அரசாங்கத்தின் படிவத்தில் ஒரு திண்ணை முகவரியாக ஏற்கப்பட்டிருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. நான் சைக்கிளை நிறுத்தியதும், "தம்பி, நம்ம பணம் வந்துருச்சா?" என்று கேட்டபடி கையைச் சேலையில் துடைத்துக்கொள்வார். அவருக்கு எழுதத் தெரியாது; கைநாட்டுத்தான். கைநாட்டு வைத்துப் பணம் வாங்குகிறவருக்கு இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் விதி. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிய ஈரக் கையோடு வந்து போட்டுவிட்டுப் போவார். அந்த அம்மா இரண்டு நாள் கண்ணில் படவில்லை என்றால் தேடிப் போகிறவரும் அவர்தான். காய்ச்சல் முற்றிய ஒரு நாளில் ரிக்‌ஷா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

பிறகு உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு மாறியது. அந்த மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை. பணம் நேராக உரியவர் கணக்கில் சேர்வது நல்லதுதான். ஆனால் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டியிருந்தது, பணம் எடுக்க விரல்ரேகை வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் மிளகாயும் மல்லியும் புடைத்த அந்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. இயந்திரம் ஏற்கவில்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த அலுவலகம் திரும்பவும் பழைய இடத்துக்கே அனுப்பியது. அதற்குள் டீக்கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். எனக்கும் பீட் மாறிவிட்டது. ஓராண்டு கழித்து அந்தச் சந்துக்குள் போனபோது திண்ணை வெறுமையாக இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

பணம் நின்றதால் மட்டும் அவர் வீழ்ந்தார் என்று நான் நினைக்கவில்லை. 'இவர் இன்னார், இவரை எனக்குத் தெரியும்' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கக்கூடிய, தேடிப் போகக்கூடிய ஓர் ஆள் அவருக்கு இல்லாமல் போனார். அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பை மாநகராட்சி ஏற்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். கட்டடம், கட்டில், உணவு, வாகனம் எல்லாம் வேண்டும். அவற்றில் எதுவும் அந்த ஆளுக்கு ஈடாகாது.

சாலையோரத்தில் இருப்போர் அனைவரும் பிச்சை எடுக்கிறவர்கள் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கோயில் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருப்போரை மட்டுமே நாம் பார்ப்பதால் வந்த எண்ணம் அது. இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டிலும் பரவையிலும் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கல்யாண மண்டபங்களில் அண்டா கழுவுகிறவர்கள், பந்தி முடிந்ததும் இலை எடுக்கிறவர்கள், சமையல் மாஸ்டரிடம் எடுபிடியாக இருக்கிறவர்கள் ஆகியோரில் பலர் முகூர்த்த மாதங்களில் லாட்ஜிலோ ஒரு பொது அறையிலோ தங்குவார்கள். ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. வேலை இல்லாத அந்த மாதங்களில் வாடகை நின்று, மனிதர் பெரியார் பேருந்து நிலையத்துக்கோ ஆற்றங்கரைக்கோ வந்துவிடுகிறார். அடுத்த மாதம் முகூர்த்தம் வந்ததும் திரும்பிப் போய்விடுவோம் என்றுதான் முதல் ஆடியில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு முறை துணிமூட்டை திருட்டுப் போய், அதற்குள் இருந்த ஆதார் அட்டையும் போனால், அல்லது ஒரு கால் முறிந்தால், அதன்பின் திரும்பிப் போவது அத்தனை எளிதாக இருப்பதில்லை.

தூங்காநகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இந்த ஊரில், இரவு முழுக்க எரியும் விளக்குகளும் திறந்திருக்கும் டீக்கடைகளும் வீடற்ற பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பு. தனியாக இருக்கும் பெண்களில் பலர் இரவில் படுப்பதில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே விடிய வைத்துவிட்டு, பகலில் ஏதாவது ஒரு மரத்தடியில் கண்ணயர்கிறார்கள். கழிப்பறைக்கும் குளியலுக்கும் அவர்கள் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டியிருப்பதால், தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள். மாநகராட்சி நாளைக் காலையே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது என்றால், பேருந்து நிலையங்களிலும் மார்க்கெட்டுகளிலும் உள்ள கட்டணக் கழிப்பிடங்களில் வீடற்ற பெண்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஒப்பந்ததாரர்களுக்கு உத்தரவிடுவதுதான். இதற்கு மாமன்றத் தீர்மானம்கூடத் தேவையிருக்காது.

தங்குமிடங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2013-இல் தொடங்கப்பட்டபோது, நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடத் திட்டத்துக்கு மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது நூறு பேர் தங்கக்கூடிய நிரந்தரத் தங்குமிடம் இருக்க வேண்டும். ஒருவருக்கு 50 சதுர அடி இடமாவது வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் அது திறந்திருக்க வேண்டும். ரயில் நிலையம், பேருந்து நிலையம், மார்க்கெட் என்று வீடற்றோர் எங்கே திரளாக இருக்கிறார்களோ அதற்கு அருகிலேயே அது அமைய வேண்டும் என்பவை அந்த நெறிகளில் உள்ளவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10,17,865. ஆகவே அந்தக் கணக்கிலேயே நம் நகரில் ஆயிரம் பேருக்கு மேல் தங்க இடம் இருந்திருக்க வேண்டும். அதன்பின் ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைத் தாங்களே நன்கு அறிவீர்கள். மாநகராட்சி இடம் தந்து, தொண்டு அமைப்புகள் நடத்திவரும் தங்குமிடங்களில் உழைப்பவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் செய்வது பெரும்பணி. இடம் போதவில்லை என்பதையும், இருக்கும் இடம் பலருக்குப் பொருந்தவில்லை என்பதையும்தான் சொல்கிறேன்.

ஏன் பொருந்தவில்லை என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வாழைக்காய் மண்டியில் இரவு லோடு இறக்கும் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவரை மூன்று முறை வாகனத்தில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று முறையும் ஒரு வாரத்துக்குள் யானைக்கல் பாலத்தடிக்குத் திரும்பிவிட்டார். 'இவர்களுக்கெல்லாம் தெருவே பழகிவிட்டது, எத்தனை முறை கொண்டுபோய் விட்டாலும் இப்படித்தான்' என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவரிடமே கேட்டேன். அந்தக் காப்பகத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும். அவருக்கு வேலை இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி விடிகாலை ஐந்துக்கு முடியும். கூலிக்குப் போக வேண்டுமானால் காப்பகத்தை விட வேண்டும்; காப்பகத்தில் இருக்க வேண்டுமானால் கூலியை விட வேண்டும். கூலியே போதும் என்று அவர் எடுத்த முடிவில் நான் ஒரு குற்றமும் காணவில்லை. தங்களிடமோ என்னிடமோ கேட்டிருந்தால் நாமும் அதையேதான் செய்திருப்போம்.

ராணி மங்கம்மாளின் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. வழிப்போக்கர் எந்த வழியில் வருவார், எங்கே களைத்து நிற்பார் என்று பார்த்துத்தான் நம் ஊரில் சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தார்கள். இடம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஊருக்கு வெளியே ஒரு சத்திரத்தைக் கட்டி, வழிப்போக்கரைத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்குவதை அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பெரியார் பேருந்து நிலையம், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், தெற்குவாசல், கோரிப்பாளையம் ஆகிய ஐந்து இடங்களிலும் நடந்து போகும் தொலைவுக்குள் மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடம், பயன்படாத வரிவசூல் மையம், மூடிய பள்ளிக் கட்டடம் என்று ஏதாவது இருக்கிறதா என்று வருவாய்ப் பிரிவின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரவு வேலைக்காரர் பகலில் படுக்கலாம், பகல் வேலைக்காரர் இரவில் படுக்கலாம் என்று இரண்டு முறையாகத் தங்குமிடம் நடந்தால் ஒரே கூரையின் கீழ் கூடுதல் பேருக்கு இடம் கிடைக்கும். அதற்குக் காவலரும் பொறுப்பாளரும் மூன்று ஷிப்டுகளில் இருக்க வேண்டும். நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன.

அந்த ஐந்தில் கோரிப்பாளையத்துக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. அங்குள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அங்கே வீடற்ற ஒருவர் கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றால், மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்து தையல் பிரித்து அனுப்புகிறார்கள். அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும் அல்லவா? அனுப்பப்பட்டவர் ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. ஊன்றாமல் எங்கே போவார்? நடைபாதையில் படுத்தால் புண்ணில் தூசி படியும், ஈ மொய்க்கும்; மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும் என்றால் முதலில் சாப்பாடு வேண்டும். சில வாரங்களில் சீழ் பிடித்து மீண்டும் அதே வார்டுக்கு வருகிறார். மருத்துவமனைக்கு அருகில் இருபது முப்பது கட்டில்களும் ஒரு செவிலியரும் உள்ள, நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கான தங்குமிடம் ஒன்று இருந்தால் பல கால்கள் தப்பும். கால் தப்பினால் பிழைப்பும் தப்பும்.

மனநோய் உள்ளவர்களைப் பற்றி ஊரார் பெரும்பாலும் பேசுவதில்லை. பார்க்காதது போலக் கடந்துவிடுகிறோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதில் தெளிவாக இருக்கிறது. மனநோயோடு தெருவில் திரிகிறவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்கிறது அதன் 100-ஆவது பிரிவு. வீடற்றோருக்கு மனநலச் சிகிச்சை இலவசம், அதற்கு எந்த அட்டையும் கேட்கக் கூடாது என்கிறது 18-ஆவது பிரிவு. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆவது பிரிவு. அப்படியானால் குணமானவர் எங்கே போவது? சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது: நான்கைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து, உடனிருக்க ஓர் உதவியாளரையும் அமர்த்துகிறார்கள். அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். நம் ஊரிலும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநல மறுவாழ்வுப் பணியில் இருக்கிறது. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. மாநகராட்சி அவர்களையும் காவல்துறையையும் மருத்துவமனையையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்த மண்டலத்தில் யார் யாரை அழைப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

குடியைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். குடிக்கிறவருக்கு இங்கே இடமில்லை என்று தங்குமிடங்கள் விதி வைப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர் உறங்க வேண்டுமே. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனப்பிதற்றல் என்று இரண்டு மூன்று நாட்களில் உயிருக்கே ஆபத்து வரலாம். 'முதலில் விட்டுவிட்டு வா, பிறகு சேர்த்துக்கொள்கிறோம்' என்று அவரிடம் சொல்வது, நீந்தக் கற்றுக்கொண்டு வா, பிறகு கரையேற்றுகிறேன் என்று ஆற்றில் தத்தளிப்பவரிடம் சொல்வது போன்றது. மருத்துவக் கண்காணிப்போடு அவர் முதல் வாரத்தைக் கடக்க மருத்துவமனையில் ஏற்பாடும், அங்கிருந்து நேராகத் தங்குமிடத்தில் ஒரு கட்டிலும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு தெருவில் கழிந்தாலும் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

இனி ஆவணங்கள். வீடில்லாதவருக்கு வாக்காளர் அட்டை கிடைக்காது என்று அலுவலர்களே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-இல் வீடற்றவர் தாம் உறங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே ஒரு நாளுக்கு மேல் போய்ப் பார்த்து, அவர் உண்மையிலேயே அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்ய வேண்டும். அதன்பின் வேறு முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. ஆதாருக்கும் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்று ஏற்கப்படுகிறது. ஆக, பழைய மணியார்டர் படிவத்தின் 'எதிர்த் திண்ணை' இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. விதிகளுக்குள் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விதியை எடுத்துச் சொல்லி, படிவத்தை நிரப்பி, அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், "நாளைக்கு வா" என்றால் நாளைக்கும் கூட்டிப்போக யாரும் இல்லாததால் அது பயன்படாமல் கிடக்கிறது. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழக அரசு தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பலருடன் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு ஒரு முதியவரின் பங்கு வாடகையை அது கட்டிவிடும். அந்தத் தொகை அரசின் கணக்கில் இருக்கிறது. பெற வேண்டியவர் பாலத்தடியில் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு கவுன்ட்டர்கள் இருக்கின்றன.

லோடு இறக்கும் அந்த மனிதரைப் பற்றி முன்பே சொன்னேன். அவர் இன்று பாலத்தடியில் இல்லை. அவர் வேலை செய்த மண்டியின் கணக்குப்பிள்ளை, தம் வீட்டு வேலையையும் விட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகங்களுக்கு நடந்தார். ஏழு முறை போனார்கள் என்று கணக்குப்பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். முதலில் வாக்காளர் அட்டை, அதைக் கொண்டு ஆதார் திருத்தம், அதைக் கொண்டு தபால் வங்கியில் ஒரு கணக்கு. கூலியில் ஒரு பகுதியை அந்தக் கணக்கில் போட்டு வைத்து, அட்வான்ஸுக்கு வேண்டிய தொகை சேர்ந்ததும் செல்லூரில் வேறு இரண்டு பேரோடு ஓர் அறை. தொடங்கியதிலிருந்து பதினான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை குடித்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடமே சண்டை போட்டு இரண்டு மாதம் காணாமல் போனார். கணக்குப்பிள்ளை தேடிக் கண்டுபிடித்துத் திட்டிக் கூட்டி வந்தார். வாகனமும் காப்பகமும் மூன்று முறை முயன்று முடியாததை அந்த ஒரு மனிதர் முடித்தார். அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

மண்டிக் கணக்குப்பிள்ளையின் நல்ல மனத்தை நம்பி ஒரு நகரம் இருக்க முடியாது. ஆகவே அந்த வேலையை மாநகராட்சி ஒரு பணியிடமாக்க வேண்டும் என்று கேட்கிறேன். துணைப்பணியாளர் என்றோ வேறு எந்தப் பெயரிலோ அவர் இருக்கட்டும். ஒருவருக்கு இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் பொறுப்புத் தர வேண்டாம். அதற்கு மேல் போனால் முகம் மறந்து பதிவேடு மட்டும் மிஞ்சும். பொறுப்பேற்ற ஒவ்வொருவரையும் குறைந்தது ஒன்றரை ஆண்டுக்கு அவர் விடாமல் பின்தொடர வேண்டும். கூட்டிப்போவது, படிவம் நிரப்புவது, மருந்து தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, வேலைக்குச் சேர்த்த இடத்தில் கூலியைப் பிடித்துக்கொண்டால் கேட்பது, காணாமல் போனால் தேடுவது ஆகியவை அவர் வேலை. எத்தனை பேரை வாகனத்தில் ஏற்றினோம் என்ற கணக்கு அவரிடம் கேட்கப்படக் கூடாது. ஓராண்டுக்கு முன் அறைக்குப் போனவர்களில் எத்தனை பேர் இன்னும் அறையில் இருக்கிறார்கள் என்ற கணக்கே கேட்கப்பட வேண்டும். இந்தப் பணிக்குத் தெருவிலிருந்து மீண்டவர்களையே முதலில் எடுக்கும்படி வேண்டுகிறேன். யார் எந்த நேரத்தில் எங்கே படுப்பார், யாரிடம் எப்படிப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் பட்டம் படித்தவருக்குத் தெரியாது.

அறைக்கு அட்வான்ஸ் என்பது கடைசிப் படி. பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். மாத வாடகையைக் கூலியிலிருந்து கட்டிவிடக்கூடிய ஒருவருக்கு, பல மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டித் தர முடிவதில்லை. சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்தி, வீட்டுக்காரருக்கு அந்த அட்வான்ஸுக்கு மாநகராட்சி உறுதி தரலாம். அறை காலியானால் பணம் நிதிக்கே திரும்பும் என்பதால் பெரும் செலவு ஆகாது. குடும்பத்தோடு சேர்த்து வைப்பதையே எல்லாவற்றுக்கும் முடிவாகக் கருத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிலருக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், அன்றே பஸ் ஏறிவிடுவார்கள். வேறு சிலர் வீட்டில் பட்ட அடி தாங்காமல்தான் தெருவுக்கே வந்தவர்கள். போக விரும்புகிறீர்களா என்று அவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பெருவிழாக்களுக்கு முன்பும் முக்கியப் பிரமுகர்கள் வரும்போதும் சாலையோரத்தில் இருப்பவர்களை அப்புறப்படுத்தும் வழக்கம் நாட்டின் பல நகரங்களில் இருக்கிறது. நம் மாநிலத்தில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் 1945-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்னும் இருக்கிறது. டெல்லியில் அமலிலிருந்த அதுபோன்ற சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. தெருக்களிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்ற வேண்டும் என்று கேட்டவர்களுக்கு 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாறு உத்தரவிட மறுத்தது. நம் ஊருக்கு நீதிமன்றத் தீர்ப்புகூட வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம், கையேந்திச் சேர்த்த பத்தாயிரம் ரூபாயை நிவாரண நிதிக்கென்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்த முதியவர் மதுரையில்தான் இருந்தார். அதன்பின்னும் பல முறை அவர் கொடுத்தார். அவரைப் போன்றவர்களைக் குப்பையைப் போல அள்ளிக்கொண்டு போக இந்த ஊருக்கு மனம் வராது என்றே நம்புகிறேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை மதுரையில் குறையொன்றும் சொல்வதற்கில்லை. கோயில் அன்னதானம் இருக்கிறது, ஒரு ரூபாய் இட்லி தரும் அம்மா உணவகம் இருக்கிறது, பிறந்தநாளுக்கும் திதிக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு வண்டியில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பொட்டலம் கொடுக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: அடுத்த முறை அதே ஆளிடம் போய், அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பில் வீடற்றோரை பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று கண்டார்கள். ஒரே இரவில் எண்ணினால் மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருப்பவர் விடுபடுவார், வெளிச்சத்தில் விழித்து உட்கார்ந்திருக்கும் பெண் பயணியாகத் தெரிவார், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பவர் நோயாளியின் உறவினராகிவிடுவார். தங்குமிடம் எங்கே, எத்தனை, யாருக்கு என்று முடிவெடுக்கும் முன் மாநகராட்சி தானே ஒரு கணக்கெடுப்பை, ஐந்து மண்டலங்களிலும், பல இரவுகளிலும் சில பகல்களிலும், ஆடி மாதத்தில் ஒரு முறையும் முகூர்த்த மாதத்தில் ஒரு முறையுமாக நடத்த வேண்டும். வரும் மாமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதை முதல் படியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கணக்கெடுப்புக்கு ஆள் தேவைப்பட்டால், என்னைப் போல ஓய்வுபெற்ற அஞ்சல்காரர்கள் சிலர் ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம். சிம்மக்கல்லிலிருந்து நெல்பேட்டை வரை எந்தத் திண்ணை இன்னும் இருக்கிறது, எது இடிந்துவிட்டது, எந்தப் பாலத்தடியில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் எந்த நாளில் அழைத்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர்,
மதுரை.